கும்பகோணத்தின் பழைய கட்டடங்களைக் காக்கும் வேலையில் யார் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தையும் சுற்றுப்பட்ட ஊர்களையும் சேர்ந்த பழைய கட்டடங்களைக் காப்பதற்காக நடக்கும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. எங்களிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஆட்களைப் பற்றியவை. யார் வருவீர்கள், என்ன படித்தவர்கள், சம்பளம் உண்டா, எங்கள் பிள்ளையும் சேரலாமா என்று கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் தருகிறோம்.

நீங்கள் தொல்லியல் துறையா, அறநிலையத் துறையா?

இரண்டும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. யுனெஸ்கோ பட்டியலில் பெரிய கோயில் 1987-லும் மற்ற இரண்டும் 2004-லும் சேர்ந்தன. மாநில அரசின் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்படும் சின்னங்கள் தனி. அவற்றை மாநிலத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. பூசை நடக்கும் மிகப் பெரும்பாலான கோயில்கள் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கின்றன.

இவை போக மிச்சம் ஏராளம். அக்ரகாரத்து வீடுகள், சத்திரங்கள், ஆற்றங்கரைப் படித்துறைகள், நூறு வருடம் தாண்டிய பள்ளிக்கூடங்கள், கடைத்தெரு மாடிகள், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால்கள். இவற்றுக்கென்று பொறுப்பான துறை அனேகமாக எதுவும் இல்லை. எங்கள் வேலை பெரும்பாலும் இங்கேதான்.

உங்களிடம் யாரெல்லாம் வேலை பார்க்கிறார்கள்?

அலுவலகத்தில் சிலர்தான். மரபுக் கட்டடப் பராமரிப்பு படித்த ஆர்க்கிடெக்ட், படம் எடுத்துப் பதிவேடு எழுதும் ஆவணக்காரர், கணக்கு பார்ப்பவர், வீட்டுக்காரர்களிடமும் அலுவலகங்களிலும் பேசும் ஒருங்கிணைப்பாளர். வேலை நடக்கும் இடத்தில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார், சித்தாள்கள், தச்சர், சுதை உருவங்கள் (சுண்ணாம்புக் கலவையில் வடிக்கும் உருவங்கள்) செய்பவர் ஆகியோர் இருப்பார்கள். கட்டடத்தின் பளுவைக் கணக்கிட இன்ஜினியர், எழுத்தைப் படிக்கக் கல்வெட்டு அறிஞர், கோயில் வேலை என்றால் ஸ்தபதி ஆகியோரைத் தேவைப்படும்போது அழைப்போம்.

இந்தப் பட்டியலில் எங்களுக்கு மிகவும் தேவையானவர் யார் என்று கேட்டால், தயங்காமல் சுண்ணாம்புக் கொத்தனார் என்று சொல்வோம். ஆர்க்கிடெக்ட்டை விளம்பரம் கொடுத்துத் தேடிக்கொள்ளலாம். நல்ல சுண்ணாம்புக் கொத்தனாரை அப்படித் தேட முடியாது.

ஆர்க்கிடெக்ட் வந்தவுடன் என்ன செய்வார்?

முதலில் எதையும் தொடமாட்டார். சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார், அளப்பார், வரைவார். விரிசல் எங்கே தொடங்குகிறது, அது பழையதா இப்போதும் வளர்கிறதா என்று குறித்துக்கொள்வார். முடிந்தால் ஒரு மழைக்காலம் முழுதும் கட்டடத்தைக் கவனிக்கச் சொல்வார். வீட்டுக்காரர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், எங்களுக்குப் புரிகிறது. ஆனால் டெல்டாவில் பழைய சுவரைக் கெடுப்பது ஏறத்தாழ எப்போதும் தண்ணீர்தான், அது எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் பூசினால் பணமும் வீண், சுவரும் வீண்.

நம் மண் களிமண். ஈரத்தில் ஊதிப் பெருகும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதோடு சேர்ந்து அஸ்திவாரமும் அசையும். மூன்று பக்கம் வயலும் ஒரு பக்கம் வாய்க்காலுமாக இருக்கும் வீட்டில் ஈரம் கீழிருந்து சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். அப்புறம் கூரைத் தண்ணீர். முற்றத்து ஓட்டுச்சரிவு சேரும் மூலையில் ஒரே ஒரு ஓடு நகர்ந்திருக்கும், அதன் கீழே கைமரம் உளுத்துப் போயிருக்கும். தெருவைச் சிமெண்ட் ரோடு போட்டுப் போட்டு உயர்த்தியதால் திண்ணை தாழ்ந்து, மழைத் தண்ணீர் வாசல் நடையான ரேழிக்குள் வரும் வீடுகள் கும்பகோணத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. இதில் எது நோய் என்று பிரித்துச் சொல்வதுதான் ஆர்க்கிடெக்ட்டின் வேலை.

சுண்ணாம்புக் கொத்தனார் அப்படி என்ன செய்துவிடுகிறார்?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ தண்ணீரில் போட்டு நீற்றுவதில் வேலை தொடங்குகிறது. அது கொதித்து அடங்கிய பிறகு சலித்து, தண்ணீருக்கடியிலேயே ஊறவிட வேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு வழுவழுப்பு கூடும். அப்புறம் மணலும், இடத்தைப் பொறுத்துச் செங்கல் பொடியும் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரை எப்போது, எவ்வளவு ஊற்றுவது என்பதும் அவர் முடிவுதான். விகிதத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம், நாங்களும் எழுதித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அன்றைய காற்றில் எவ்வளவு ஈரம், இந்தச் செங்கல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும், மணலில் எவ்வளவு மண் கலந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து அவர் கையில் உருட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

பழைய மாடிகளில் பலவும் மெட்ராஸ் டெரஸ் முறையில் போட்டவை. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய வரிசை, அதற்கு மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த அடுக்கு. அந்த அடுக்கை மரக்கட்டையால் நாள்கணக்கில் வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள், கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கட்டை பட்டுத் துள்ளும் சத்தத்தை வைத்தே 'போதும், இறுகிவிட்டது' என்று மூத்த கொத்தனார் சொல்லிவிடுவார். அதற்கு மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். இப்படிப் போட்ட மாடி தலைமுறைகள் தாண்டி நிற்கிறது. உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்துப்போனால் அந்த முனையை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டுவதற்குத் தச்சர் வேண்டும். அதற்கும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

இந்த வேலையில் அவசரம் செல்லாது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூச்சு காயாது. சித்திரை வெயிலில் மேல்பக்கம் மட்டும் சட்டென்று உலர்ந்து வெடிக்கும், ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். தை, மாசி எங்களுக்கு நல்ல காலம். திருப்பணி வேலைகளில் குடமுழுக்குத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் முடிக்கச் சொல்வதுதான் எங்கள் பெரிய கவலை. முகூர்த்தம் முக்கியம், மறுக்கவில்லை. சுண்ணாம்புக்கு வேண்டிய மாதங்களைக் கணக்கில் வைத்து நாள் குறித்தால் இரண்டும் நன்றாக நடக்கும்.

சிமெண்ட் பூசினால் சீக்கிரம் முடியுமே, ஏன் பிடிவாதம்?

டெல்டாவின் பழைய செங்கல் மெல்லியது, மென்மையானது. சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆவியாகிவிடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு செங்கல்லுக்குள் பூத்து, செங்கல் மாவாக உதிரும். வெளியே பார்க்கச் சுவர் கெட்டியாகத்தான் இருக்கும். தட்டிப் பார்த்தால் உள்ளே பொத்தென்று கேட்கும். அந்தப் பூச்சை உடைத்தெடுக்கும்போது அசல் செங்கல்லும் சேர்ந்து வந்துவிடும். புதுக் கட்டடத்துக்குச் சிமெண்ட் நல்ல பொருள்தான், எங்களுக்கு அதோடு சண்டை இல்லை.

கல்வெட்டு வேலைக்கு ஆள் இருக்கிறார்களா? கல்வெட்டைத்தான் ஏற்கெனவே படித்துப் புத்தகமாகப் போட்டுவிட்டார்களே?

நிறைய படித்துவிட்டார்கள், எல்லாவற்றையும் அல்ல. படித்தவற்றிலும் பல இன்று சுவரில் முழுதாக இல்லை. அதனால் மைப்படி எடுப்பவரின் வேலை இன்னும் முடியவில்லை. சுவரைத் தண்ணீரால் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் தாளில் வந்துவிடும். கைப்பழக்கம் உள்ளவர் எடுத்த படியில், நேரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தெரியும்.

இந்த அக்கறை நம் ஊருக்குப் புதியதல்ல. சோழ அரசி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் காவிரிக்கரையின் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, மாற்றினார். திருக்கோடிக்காவலில் கோயிலை மறுபடி கட்டியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் பொறிக்கச் செய்தார். இது பழைய கல்லில் கண்டபடி என்று அந்தக் கல்வெட்டுகளே சொல்கின்றன. புதிதாகக் கட்டும்போது பழையதன் பதிவை அழியவிடக்கூடாது என்ற எண்ணம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது. எங்களிடம் புதிதாகச் சேர்பவர்களை நாங்கள் முதலில் அழைத்துப்போகும் இடங்களில் அந்தக் கோயிலும் ஒன்று.

படம் எடுத்துப் பதிவேடு எழுதுவதற்கென்று தனியாக ஒரு ஆளா?

கட்டாயம். கட்டடம் விழுந்தாலும், சிலை காணாமல் போனாலும், கடைசியில் கையில் மிஞ்சுவது பதிவுதான்.

திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976-இல் மண்ணுக்கடியில் கிடைத்த நடராசர் சிலை கைமாறி லண்டன் வரை போனது. அங்கே நீதிமன்றத்தில் நடந்த நீண்ட வழக்கில், பத்தூரில் கிடைத்த மற்ற சிலைகளோடு ஒப்பிட்டு இதுவும் அந்த ஊருடையதே என்று நிறுவ வேண்டியிருந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அங்கே போய் நிபுணராகச் சாட்சி சொன்னார். 1991-இல் சிலை திரும்பியது. கொள்ளிடத்துக்கு வடக்கே சிறீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவில் கான்பெராவின் தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014-இல் திரும்பியபோது உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். யாரோ ஒருவர் எந்த அவசரமும் இல்லாத ஒரு நாளில் அந்தச் சிற்றூருக்குப் போய்ப் படம் எடுத்து, ஊர்ப்பெயர் எழுதி அடுக்கி வைத்திருந்தார். எங்கள் ஆவணக்காரர் செய்வதும் அதே வேலைதான். தூண், கதவு, சுதை உருவம், படித்துறைக் கல் என்று ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடமும் தேதியும் எழுதுவார்.

எங்கள் தாத்தா வீடு இடிக்கும் நிலையில் இருக்கிறது. யாரை அனுப்புவீர்கள்?

முதலில் ஒருங்கிணைப்பாளர் வருவார். வீட்டின் நிலையைவிட வீட்டுக்காரர்களின் நிலைதான் பெரும்பாலும் சிக்கலானது. அண்ணன் சென்னையில், அத்தை திருச்சியில், சித்தப்பா பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பார்கள். பட்டா இன்னும் கொள்ளுத்தாத்தா பெயரிலேயே இருக்கும். எல்லாரிடமும் பேசி, என்ன செலவாகும், எதை இப்போது செய்யாவிட்டால் கூரை போய்விடும், எதைப் பத்து வருடம் தள்ளிப்போடலாம் என்று நேர்மையாகச் சொல்வது அவர் வேலை. விற்காதீர்கள் என்று நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒரு கூடத்தையும் முற்றத்தையும் வைத்துக்கொண்டு பின்பக்கம் புதிதாகக் குளியலறையும் சமையலறையும் கட்டிக்கொள்ள முடியும் என்று காட்டினாலே பல குடும்பங்கள் மனம் மாறுகின்றன.

சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது, சாஸ்திரா பல்கலைக்கழகம் அதைப் பராமரிக்கிறது. 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். சின்ன வீடு, திண்ணையும் ஓட்டுக்கூரையுமாக நம் ஊரின் எத்தனையோ வீடுகளைப் போன்றதே. புகழ்பெற்ற மனிதர் வாழாத வீடுகளுக்கும் அதே அக்கறை வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

பெண்கள் வேலை பார்க்கிறார்களா?

அலுவலகத்தில் உண்டு. தளத்தில் சித்தாளாகப் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். சுண்ணாம்பை நீற்றுவது, சலிப்பது, குழைப்பது, மாடி தட்டுவது எல்லாமே அவர்கள் கையில் நடப்பவை. கலவை சரியாக இருக்கிறதா என்பது அவர்களுக்குக் கொத்தனாருக்குச் சமமாகத் தெரியும். ஆனால் பொதுவாகப் பூச்சுக் கரண்டி அவர்கள் கைக்குப் போவதில்லை, கூலியும் குறைவு. இது தவறு என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். விருப்பமுள்ள சித்தாள்களுக்குப் பூச்சு வேலை கற்றுக்கொடுத்து, கற்ற பிறகு கொத்தனார் கூலி கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. மூத்த கொத்தனார்கள் முதலில் தயங்கினாலும், ஆள் இல்லாத காலத்தில் கற்றுக்கொள்ள யாராவது வருகிறார்களே என்ற நிம்மதி அவர்களுக்கும் உண்டு.

நன்கொடையில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறதாமே?

ஆமாம், போகிறது, போக வேண்டும். இந்தக் கேள்வி கொஞ்சம் கோபத்தோடுதான் வரும். 'கட்டடத்துக்குத்தானே கொடுத்தோம்' என்பார்கள். சுண்ணாம்பும் மணலும் கடுக்காயும் விலை உயர்ந்த பொருள்கள் அல்ல. பழைய முறை வேலையில் செலவு ஆளுக்குத்தான். ஒரு மூத்த கொத்தனாருக்கு வருடம் முழுதும் வேலை உறுதி என்றால் அவர் இங்கே இருப்பார், தன் மகனையோ மருமகனையோ கூட அழைத்து வருவார். மூன்று மாதம் வேலை, ஒன்பது மாதம் சும்மா என்றால் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போய்விடுவார், அவர் கைவேலையும் அவரோடு போய்விடும். ஆகவே எங்கள் பணத்தை முதலில் கூலிக்கும், அடுத்து பயிற்சிக்கும், அதன் பிறகுதான் பொருளுக்கும் ஒதுக்குகிறோம். வேலை முடிந்த இடத்தில் வைக்கும் பலகையில் நன்கொடையாளர் பெயரோடு கொத்தனார், தச்சர், சித்தாள் பெயர்களும் இருக்கும். அதற்கு ஒப்புக்கொள்பவர்களிடம்தான் பணம் வாங்குகிறோம்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

கட்டடப் பக்கம் என்றால் ஆர்க்கிடெக்சர் முடித்து, மரபுப் பாதுகாப்பில் மேற்படிப்பு. எழுத்துப் பக்கம் என்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையும் பட்டயப் படிப்பு நடத்துகிறது. சிற்பம், சுதை என்றால் மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி. படிப்பு எதுவானாலும் எங்களிடம் சேர்ந்ததும் முதலில் கொத்தனாரோடு தளத்தில்தான் வேலை. கையில் சுண்ணாம்பு படாமல் சுண்ணாம்பு வேலைக்கு மதிப்பீடு எழுத வராது.

வேலைக்கு இல்லாமல் தன்னார்வலராக வரலாமா?

வரலாம். தெருத்தெருவாக வீடுகளைக் கணக்கெடுக்க, பெரியவர்களிடம் பேசிக் கேட்டதை எழுத, படங்களை வரிசைப்படுத்த ஆட்கள் எப்போதும் தேவை. ஒரு ஞாயிறு வந்து குளத்தில் குப்பை பொறுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதைவிட, மாதம் ஒரு அரைநாள் தவறாமல் வருபவர்களையே விரும்புகிறோம். சிலைகளைத் தேய்ப்பது, சுவரைச் சுரண்டுவது, ஆசிட் ஊற்றுவது மட்டும் நல்ல எண்ணத்தில்கூட வேண்டாம்.

வீட்டுப் பரணில் ஓலைச்சுவடிகள் கிடைத்தன. பார்ப்பீர்களா?

எங்களிடம் அதற்கு ஆள் இல்லை. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலும் இருக்கிறார்கள், அங்கே வழி சொல்கிறோம். அதுவரை கட்டை அவிழ்க்காமல், வெயிலில் காயவைக்காமல், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

தாராசுரம் கோயில் பக்கத்தில் எங்கள் வீடு. ஒழுகும் கூரையைக்கூட மாற்றக்கூடாதா?

மாற்றலாம், அனுமதி வாங்கி. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் தடை, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும். ஆனால் தடைப் பகுதியிலும், 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம். வரைபடமும் படங்களும் தயார் செய்ய எங்கள் ஆட்கள் உதவுவார்கள். இந்த விதி தெரியாமல் பயந்து வீட்டை ஒழுகவிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

2028 மகாமகத்துக்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

கடந்த மகாமகம் 2016-இல் நடந்தது. அடுத்ததற்குள் மகாமகக் குளக்கரையின் பதினாறு மண்டபங்களையும் வர்ணம் பூசி மின்விளக்கு போட்டுவிடுவார்கள், அதற்கு நாங்கள் தேவையில்லை. எங்கள் கவனம் ஊரின் மற்ற குளங்கள் மேல். குளத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வந்த வாய்க்கால் எந்த வீட்டுக்கடியில் போகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் வயதான நீர்க்கட்டிகளும் அந்தந்தத் தெருப் பெரியவர்களும்தான். அவர்களை நடக்கவைத்து, அவர்கள் காட்டும் வழியை வரைபடத்தில் ஏற்றும் வேலையை இப்போது எங்கள் ஆவணக்காரரும் கல்லூரி மாணவர்களும் செய்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் பெயிண்ட் எடுக்க மணல்வீச்சு மிஷின் கொண்டுவந்திருக்கிறார்கள். என்ன செய்வது?

உடனே வேலையை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். அழுத்தத்தில் அடிக்கும் மணல் பெயிண்ட்டோடு கல்லின் மேற்பரப்பையும் எடுத்துவிடும், கல்வெட்டு எழுத்து மழுங்கும், சிற்பத்தின் முகம் போகும். மெதுவாகத் தண்ணீராலும் தகுந்த கரைசலாலும் பெயிண்ட்டை எடுக்க வழி உண்டு. செயல் அலுவலரிடமும் அறநிலையத் துறை இணை ஆணையர் அலுவலகத்திலும் எழுத்தாக மனு கொடுங்கள், நகலுக்கு முத்திரை வாங்குங்கள். தொல்லியல் துறைச் சின்னம் என்றால் அந்த அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். சுவர் இப்போது இருக்கும் நிலையில் எழுத்து தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, ஊர்ப்பெயரும் எந்தப் பக்கச் சுவர் என்பதும் எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள். கல்வெட்டு தெரிந்த ஒருவரை அன்றைக்கே கிளப்பி அனுப்பப் பார்க்கிறோம்.